மலையகத்தில் வாடகை வீடு: ஒப்பந்தம் எழுதிக்கொள்ளும் முறை

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில் வீடு வேலையோடு சேர்ந்து வந்தது. செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டில் பெயர் இருந்தால், வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பரா (அறை) இருக்கும். யாரும் ஒப்பந்தம் கேட்டதில்லை, கொடுத்ததும் இல்லை. அப்படி வளர்ந்த பிள்ளைகள் இன்று ஆசிரியர் நியமனம், வங்கி வேலை, தாதியர் பயிற்சி, சொந்தக் கடை என்று ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் பண்டாரவளைக்கும் வந்து முதல்தடவையாக வாடகை வீடு எடுக்கிறார்கள். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. அப்பா அம்மாவும் வாடகை கொடுத்துப் பழகியவர்கள் அல்ல. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் இடமாற்றத்தில் வருகிறவர்களுக்கும் உதவும்.

காணி, வீட்டு ஒப்பந்தங்களைச் சட்டப்படி எழுதி உறுதிப்படுத்தும் நொத்தாரிஸ் ஒருவரின் அலுவலகத்தில் பல வருடமாக எழுத்து வேலை பார்க்கிறேன். வாடகைச் சண்டையோடு வருகிறவர்கள் கொண்டுவரும் தாள்களில் மாத வாடகை எப்போதும் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். முற்பணம் எப்படித் திரும்பும், வீட்டை விட்டு வெளியேறுவது எப்படி என்ற இரண்டும்தான் இருக்காது. சண்டை வருவது அந்த இரண்டில்தான். ஆகவே ஒப்பந்தம் எழுதும்போது வாடகைப் பேரத்துக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியையாவது இவற்றுக்குக் கொடுங்கள்.

எந்தத் தாள் செல்லும்

யூடியூப்பில் தமிழில் வாடகை ஒப்பந்தம் என்று தேடினால் வருவதெல்லாம் இந்திய விளக்கம். பதினொரு மாத ஒப்பந்தம், முத்திரைத்தாள் என்றெல்லாம் சொல்வார்கள். அது அந்த நாட்டுச் சட்டத்துக்குச் சரி. இங்கே அந்தக் கணக்கு கிடையாது.

இலங்கையில் இதற்கு அடிப்படை 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம். பிரித்தானியர் காலத்துச் சட்டம்தான், ஆனால் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 2ஆம் பிரிவின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு வீட்டையோ காணியையோ குத்தகைக்கு, அதாவது காலம் குறித்து வாடகைக்கு, விடுவதானால் அது எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிஸ் முன்னிலையிலும் குறைந்தது இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையெழுத்தாக வேண்டும். இங்கே எல்லை பதினொரு மாதம் அல்ல, ஒரு மாதம்.

அப்படியானால் கடையில் வாங்கிய படிவத்தில் இரண்டு வருடம் என்று எழுதி, வீட்டுக்காரரும் நீங்களும் கையெழுத்துப் போட்டால்? சமாதான நீதவானிடம் போய் முத்திரை குத்திக்கொண்டால்? இதைத்தான் மிக அதிகமாகப் பார்க்கிறேன். சமாதான நீதவான் சத்தியக்கடதாசிக்கு ஒப்பமிடலாம், பிரதிகளை உறுதிப்படுத்தலாம். அவருடைய முத்திரை ஒரு குத்தகையை நொத்தாரிஸ் ஒப்பந்தமாக்காது. அந்தத் தாளை வைத்து "எனக்கு இரண்டு வருடம் இருக்கிறது" என்று நீதிமன்றத்தில் வாதாட முடியாது. நீங்கள் குடியிருந்து மாதாமாதம் வாடகை கொடுத்து வருவதால் மாத வாடகைக் குடியிருப்பாளர் ஆவீர்கள், அவ்வளவுதான். மாத வாடகையை முடிக்க ஒரு மாத முன்னறிவித்தல் போதும். பிள்ளையைப் பக்கத்துப் பாடசாலையில் சேர்த்து, வீட்டுக்கு உங்கள் செலவில் பெயின்ட் அடித்து, நான்காவது மாதத்தில் அந்த அறிவித்தல் வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்காக அந்தத் தாளைக் கிழித்துப் போட வேண்டியதில்லை. பணம் கைமாறியதற்கு அது சான்றாக உதவலாம். ஒரு வருடமோ அதற்கு மேலோ இருக்கப் போகிறீர்கள் என்றால் நொத்தாரிஸிடம் போங்கள். இரண்டு மூன்று மாதப் பயிற்சிக்கு ஒரு அறை எடுப்பவருக்கு அந்தச் செலவு அதிகமாகத் தெரியலாம். அவர் மாத வாடகைக்கே இருந்து, முற்பணத்துக்கும் வாடகைக்கும் முறையான பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

வீட்டுக்காரர் "நம்பிக்கைதானே தம்பி, எதுக்கு நொத்தாரிஸ்?" என்பார். பெரும்பாலும் அவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. 1972இல் வந்த வாடகைச் சட்டம் குடியிருப்போரை எளிதில் எழுப்ப முடியாதபடி பாதுகாத்தது. வீட்டைக் கொடுத்துவிட்டுப் பல வருடம் வழக்காடிய கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. அந்தப் பயம் பல குடும்பங்களில் இன்னும் போகவில்லை. அவரிடம் நீங்கள் இப்படிச் சொல்லலாம்: "ஐயா, எழுதிக்கொண்டால் உங்களுக்கும் நல்லதுதான். காலம் முடிந்தும் நான் எழும்பாவிட்டால் நீங்கள் காட்டவும் தாள் வேண்டுமே." இது வெறும் சமாதானப் பேச்சு அல்ல. வாடகைக்கு விட்ட இடத்தை விரைவாகத் திரும்பப் பெறுவதற்கென்றே 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. அந்த வழியில் போக விரும்பும் வீட்டுக்காரருக்குச் சரியாக எழுதிய ஒப்பந்தம் உங்களைவிட அதிகம் தேவை.

வீடு யாருடையது

வாடகை பேசுபவர் வீட்டுக்கு உரியவர்தானா என்று பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். உறுதியின் (வீட்டு உரிமைப் பத்திரத்தின்) பிரதியையும் அடையாள அட்டையையும் கேளுங்கள். பெயர் ஒத்துப்போக வேண்டும். உரிமையாளர் கட்டாரிலோ கொழும்பிலோ இருந்தால், தம்பியோ மைத்துனரோ கையெழுத்திட, அவர் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவப் பத்திரம் இருக்க வேண்டும். அதில் வாடகைக்கு விடும் அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று நொத்தாரிஸைப் பார்க்கச் சொல்லுங்கள். தகப்பன் இறந்து, பிள்ளைகள் பாகம் பிரிக்காத வீடாக இருந்தால் முடிந்தவரை எல்லாரையும் கையெழுத்திடச் சொல்லுங்கள். இல்லையென்றால் அண்ணனிடம் முற்பணம் கொடுத்த வீட்டுக்குத் தங்கை வந்து வாடகை கேட்பார். ஐயம் இருந்தால் காணிப் பதிவகத்தில் அந்தக் காணிக்கான பதிவுகளைக் காட்டும் ஏட்டுப் பிரதி எடுத்துப் பாருங்கள். வீடு வங்கியில் ஈட்டில் இருக்கிறதா என்பதும் அதில் தெரியும்.

மலையகத்தில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. தோட்டத்துக் காணியில் இருக்கும் வீடு, லயக் காம்பரா, உறுதி இன்னும் கைக்கு வராத புதிய தோட்ட வீடு ஆகியவற்றையும் வாடகைக்குப் பேசுகிறார்கள். குடியிருக்கும் உரிமை ஒன்று, பிறருக்குக் குத்தகைக்கு விடும் உரிமை வேறு. உறுதியில்லாத வீட்டுக்கு நொத்தாரிஸ் ஒப்பந்தம் எழுதப் போனால் அங்கேயே தடைப்படும். அரசாங்க அனுமதிப்பத்திரக் காணியிலுள்ள வீட்டுக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். கொடுப்பவரும் நம் ஆள்தான், அவருக்கும் பணக்கஷ்டம் என்பது புரிகிறது. ஆனாலும் அப்படிப்பட்ட வீட்டுக்கு ஆறு மாத முற்பணம் கொடுப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மழை நாளில் போய்ப் பாருங்கள்

வெயில் நாளில் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். மழை பெய்யும்போது, அல்லது பெய்து ஓய்ந்த மறுநாள் போங்கள். சுவரோடு ஒட்டி நிற்கும் அலுமாரியை ஓரடி முன்னால் இழுத்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை பிடித்திருந்தால் அந்தச் சுவரில் ஈரம் ஊறுகிறது. புதுப் பெயின்டின் மேலும் ஓரிரு மாதத்தில் அது திரும்ப வரும். நுவரெலியா, தலவாக்கலை போன்ற குளிர் ஊர்களில் குழந்தைகளுக்கு இழுப்பு இருந்தால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சீலிங்கில் தண்ணீர்க் கறை இருக்கிறதா, கூரைத் தகட்டின் ஆணி இடங்கள் ஒழுகுகின்றனவா என்று பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். சபைத் தண்ணீரா, மலையிலிருந்து குழாய் போட்ட ஊற்றுத் தண்ணீரா? ஊற்றுத் தண்ணீர் என்றால் பெப்ரவரி, மார்ச்சில் எப்படி இருக்கும் என்று அயல்வீட்டாரிடம் கேட்பது நல்லது. அவர்கள்தான் உண்மையைச் சொல்வார்கள்.

வீட்டின் பின்பக்கம் போகாமல் திரும்பாதீர்கள். மண்மேட்டைச் செங்குத்தாக வெட்டி வீடு கட்டியிருக்கிறார்களா? தடுப்புச் சுவர் இருக்கிறதா, அது வெடித்தோ வயிறு தள்ளியோ நிற்கிறதா? தரையில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கலாகக் கசியும் நீர், சட்டகத்தில் இறுகும் கதவு ஆகியவை மண் அசைவதன் அடையாளங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்ததையும், 2025 நவம்பரில் தித்வா புயலின்போது மலைநாடு முழுவதும் மண் சரிந்ததையும் நம்மில் யாரும் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலய வரைபடம் வைத்திருக்கிறது. அந்த வீடு அபாய வலயத்துக்குள் வருகிறதா என்று கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்கலாம். மழைக்காலத்தில் அந்த நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டமாக எச்சரிக்கை விடும். சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். வெளியேறிப் பாடசாலையிலோ கோயிலிலோ இருக்கும் நாட்களுக்கும் வாடகை கேட்கலாமா? எழுதிவைக்காவிட்டால் தகராறுதான். இப்படி ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்:

"மண்சரிவு அபாயம் காரணமாக வீட்டை விட்டு வெளியேறும்படி அதிகாரமுள்ள நிறுவனம் அறிவித்தால், மீண்டும் குடியிருக்கலாம் என அறிவிக்கும்வரை வாடகை அறவிடப்படாது. அந்த நிலை முப்பது நாட்களுக்கு மேல் நீடித்தால் வாடகைக்கு இருப்பவர் ஒப்பந்தத்தை முடித்து, எஞ்சிய முற்பணத்தை முழுமையாகப் பெற்றுக்கொள்ளலாம்."

நியாயமான வீட்டுக்காரர் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்.

கரண்ட் மீட்டர்

மேல்வீடு, கீழ்வீடு என்று பிரித்து விடும் இடங்களில் பல வேளை பில் வரும் மின்சார மீட்டர் ஒன்றுதான் இருக்கும். கீழ்வீட்டுக்கு உள் மீட்டர் ஒன்று போட்டிருப்பார்கள். வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறும். கூடுதலாகப் பாவித்தால் கூடுதல் அலகுக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு படிக்கும் விலை உயரும். மாதம் 60 அலகைத் தாண்டினால் கணக்கிடும் முறையே மாறும். நீங்கள் 50 அலகு, மேல்வீட்டார் 90 அலகு பாவித்தால் பில் 140 அலகுக்கு வரும். தனி மீட்டர் இருந்தால் உங்களுக்குச் சிறிய தொகைதான் வந்திருக்கும். ஒரே மீட்டரில் அவர்களுடைய பாவனை உங்களையும் மேல்படிக்குத் தள்ளுகிறது. தனி மீட்டர் உள்ள வீட்டை எடுங்கள். கிடைக்காவிட்டால் பில்லை எந்த விகிதத்தில் பிரிப்பது என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

சாவி வாங்கும் நாளில் மீட்டரைப் படம் எடுங்கள். மீட்டர் இலக்கமும் அன்றைய அலகும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். கடைசிக் கரண்ட் பில், தண்ணீர் பில் இரண்டையும் கேட்டு நிலுவை இருக்கிறதா என்று பாருங்கள். நிலுவைக்காக இணைப்பைத் துண்டிக்க வரும்போது யார் பாவித்தது என்று பார்த்து வெட்டமாட்டார்கள்.

முற்பணம்

அட்வான்ஸ் என்று எல்லாரும் சொன்னாலும் அது இரண்டு விதம். ஒன்று, வீட்டை விடும்போது அப்படியே திரும்ப வருவது. மற்றது, மாதாமாதம் வாடகையில் கழிந்து முடிவது. பேசும்போது "ஆறு மாச அட்வான்ஸ்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எந்த விதம் என்று இருவரும் வேறுவேறாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மாத வாடகை 20,000 ரூபா, முற்பணம் 120,000, ஒப்பந்தம் இரண்டு வருடம். மாதம் 5,000 கழிப்பது என்றால் நீங்கள் கையில் கொடுப்பது 15,000; இருபத்து நான்காம் மாதத்தில் முற்பணம் சரியாகத் தீரும். பத்தாம் மாதத்தில் இடமாற்றம் வந்து போக வேண்டியிருந்தால், கழிந்தது 50,000, உங்களுக்கு வர வேண்டியது 70,000. இந்தக் கணக்கு ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். இப்படி எழுதலாம்:

"முற்பணமான ரூபா 120,000 மாதம் ரூபா 5,000 வீதம் வாடகையில் கழிக்கப்படும். ஒப்பந்தம் எக்காரணத்தால் முன்கூட்டி முடிந்தாலும், கழியாது எஞ்சிய தொகையை, சாவி ஒப்படைக்கும் நாளிலேயே வீட்டு உரிமையாளர் வாடகைக்கு இருப்பவருக்குச் செலுத்த வேண்டும்."

"சாவி ஒப்படைக்கும் நாளிலேயே" என்ற சொற்களை விட்டுக்கொடுக்காதீர்கள். "அடுத்த ஆள் வந்ததும் தாறேன்" என்ற பேச்சில் மாதக்கணக்காக அலைகிறவர்களைக் காண்கிறேன். அவர்களில் பலர் கடன் வாங்கி, சீட்டு எடுத்து, நகை அடகு வைத்து முற்பணம் கொடுத்தவர்கள். சேதத்துக்குக் கழிப்பதானால் எதற்குக் கழிக்கலாம் என்பதும் வர வேண்டும். உடைந்த கண்ணாடிக்குக் கழிக்கலாம். இரண்டு வருடத்தில் மங்கிய பெயின்டுக்கும் மழையில் ஊறிய சுவருக்கும் கழிக்கக் கூடாது.

பணத்தை வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். கையில்தான் வேண்டும் என்றால் திகதி, தொகை, எதற்கு என்பதோடு கையெழுத்திட்ட பற்றுச்சீட்டு வாங்குங்கள். வாடகைக்கும் இதே முறைதான்.

மற்ற வரிகள்

வெளியேறுவதற்கு இரு தரப்பும் எத்தனை மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பதை எண்ணால் எழுதுங்கள். வீட்டுக்காரருக்கு ஒரு மாதம், உங்களுக்கு மூன்று மாதம் என்று இருந்தால் சமப்படுத்தச் சொல்லுங்கள். அரசாங்க வேலையில் இருப்பவர்கள் இடமாற்றம் வந்தால் ஒரு மாத அறிவித்தலில் போகலாம் என்று தனியாகச் சேர்ப்பது நல்லது.

இரண்டாம் வருடம் வாடகை கூடுமா, எத்தனை சதவீதம் என்பதும் முன்பே வேண்டும். கூரை, கழிவுக்குழி, தண்ணீர்த் தொட்டி போன்ற பெரிய திருத்தங்கள் வீட்டுக்காரர் பொறுப்பு, பல்பும் டெப்பும் உங்கள் பொறுப்பு என்று பிரித்துக்கொள்ளலாம்.

நுவரெலியாவில் வீடு எடுப்பவர்கள் ஏப்ரலைப் பற்றி வாய்விட்டுக் கேளுங்கள். சீசனுக்கு வரும் கொழும்புக்காரர்களிடம் ஒரு நாளுக்குக் கிடைக்கும் பணம் பெரிது என்பதால், "ரெண்டு கிழமைக்கு ஊருக்குப் போயிட்டு வாங்களேன்" என்று கேட்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. ஒப்பந்தக் காலம் முழுவதும் வீடு உங்கள் பாவனையில் மட்டுமே இருக்கும் என்ற வரி இருந்தால் அந்தப் பேச்சு எழாது.

கிராம உத்தியோகத்தரிடம் பதியவும் வாக்காளர் பட்டியலில் அந்த விலாசத்தில் பெயர் சேர்க்கவும் வீட்டுக்காரருக்கு ஆட்சேபம் இல்லை என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். பட்டியலில் பெயர் வந்தால் வீடு பறிபோகும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வாக்குப் பதிவு வீட்டுக்கு உரிமை தராது என்பதை நொத்தாரிஸ் வாயால் சொல்லவையுங்கள், நம்புவார்கள். உங்களுக்கு அது பெரிய விஷயம். பிள்ளையைப் பாடசாலையில் முதலாம் தரத்தில் சேர்க்க வதிவிடத்தை நிரூபிக்கும்போது வாக்காளர் பதிவும் பதிவு செய்த குத்தகை ஒப்பந்தமும் கேட்கப்படும்.

நொத்தாரிஸ் முன்னால்

நொத்தாரிஸ்மாருக்கு அதிகாரம் மொழிவாரியாகத்தான் கொடுக்கப்படுகிறது. தமிழில் எழுத அதிகாரமுள்ளவரைத் தேடுங்கள். ஹட்டன், நுவரெலியா, கண்டி, பதுளைப் பக்கம் கிடைப்பார்கள். வீட்டுக்காரர் சிங்களவராக இருந்து சிங்களத்தில் எழுத விரும்பினால் அதுவும் சரி. ஆனால் வாசிக்கத் தெரியாத மொழியிலுள்ள தாளில் உடனே கையெழுத்திடாதீர்கள். வரைவை ஒரு நாள் முன்பே வாங்கி, தெரிந்தவரிடம் கொடுத்து வரிக்கு வரி கேளுங்கள். அவசரப்படுத்தினால், "மாத்தயா, நாளைக்குக் காலையில வந்து போடுறேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு எழும்பி வாருங்கள். வாசிக்க முடியாதவருக்கு ஒப்பந்தத்தை வாசித்து விளக்குவது நொத்தாரிஸின் கடமை.

முத்திரைத் தீர்வை மொத்த வாடகையைப் பொறுத்து ஏறும். அதையும் நொத்தாரிஸ் கட்டணத்தையும் யார் கொடுப்பது என்று முன்கூட்டியே பேசுங்கள். பாதிப் பாதி என்பது நியாயம். ஒப்பந்தத்தைக் காணிப் பதிவகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். நொத்தாரிஸ் மாதாந்தம் தன் ஆவணப் பிரதிகளைப் பதிவகத்துக்கு அனுப்புவது வேறு, இது வேறு. நாளைக்கு வீடு வேறொருவருக்கு விலைப்பட்டாலும் உங்கள் காலம் பாதுகாப்பாக இருக்கப் பதிவுதான் உதவும்.

கையெழுத்தோடு பொருள் பட்டியல் ஒன்றையும் இணையுங்கள். எத்தனை சாவி, கீசர் வேலை செய்கிறதா, எந்த ஜன்னலில் கண்ணாடி வெடித்திருக்கிறது, எந்தச் சுவரில் பூஞ்சை என்று எழுதி, படங்களை அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். திகதியோடு அது இருவரிடமும் இருக்கும்.

தகராறு வந்தால்

முதலில் எழுத்தில் அறிவியுங்கள், பதிவுத் தபாலில். முற்பணம், சேதம் போன்ற பணத் தகராறுகள் பலவற்றை மத்தியஸ்த சபையில் பேசித் தீர்க்கலாம். செலவு இல்லை, தமிழில் பேசலாம். சட்டத்தரணிக்குப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள்.

வீட்டுக்காரர் பூட்டை மாற்றிவிட்டால், சாமானை வெளியே போட்டால், நீதிமன்றக் கட்டளை இல்லாமல் அதைச் செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை. வாடகை நிலுவை இருந்தாலும் இல்லை. அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு செய்து, இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் விஷயம் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கு தகவல் கொடுக்கப்படும் நாளுக்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் குடியேற்றும்படி கட்டளையிட முடியும். "பெரியவங்க பேசிப் பாக்கட்டும்" என்று தலைவரையும் தெரிந்தவர்களையும் நம்பி அந்த இரண்டு மாதத்தைக் கடத்திவிடாதீர்கள். பேச்சும் நடக்கட்டும், முறைப்பாடும் இருக்கட்டும்.

வீட்டை விடும்போது

அறிவித்தலை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். கடைசி மாதத்துக் கரண்ட், தண்ணீர் பில்களைக் கட்டிச் சீட்டை வைத்திருங்கள். பொருள் பட்டியலை எடுத்து வீட்டுக்காரரோடு அறை அறையாக நடந்து பாருங்கள். மீட்டரை மறுபடி படம் எடுங்கள். முற்பண மிச்சம் கைக்கு வந்த பிறகு சாவியைக் கொடுத்து, "வீடும் சாவியும் இன்ன திகதியில் ஒப்படைக்கப்பட்டன, இரு தரப்புக்கும் பாக்கி இல்லை" என்று இரண்டு பிரதி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் காலத்துக்கு முன்பே முடிகிறதென்றால், அதை இரத்துச் செய்யும் ஆவணத்தையும் அதே நொத்தாரிஸிடம் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கிராம உத்தியோகத்தரிடமும் வங்கியிலும் பிள்ளையின் பாடசாலையிலும் புது விலாசத்தைக் கொடுத்துவிடுங்கள்.